வாசிக்காமல் விட்ட வரி

"அந்த வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டேன். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில், தகரக் கூரையில் மழை கொட்டுவது போல, அந்தப் பாடத்தை வாசித்து முடித்திருந்தார்கள். பாடத்தில் ஒரு வீடு வருகிறது. காலையில் அதன் வாசலில் கோலம் இல்லை. தெருவில் ஆண்கள் பேசாமல் நிற்கிறார்கள். பக்கத்து வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் பிறந்த எந்தப் பிள்ளையும் இதை நேரில் பார்த்தால் கண நேரத்தில் விஷயத்தைச் சொல்லிவிடும். புத்தகத்தில் பார்த்ததும் வாயடைத்து நின்றார்கள்.

"அது புத்தகத்துல போடலீங்க வாத்தியாரம்மா" என்றான் முன் வரிசையில் இருந்தவன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. புத்தகத்தை மேசையில் ஓங்கி வைத்துவிட்டு, எல்லோரையும் கணக்கு எழுதச் சொன்னேன். என் கோபம் அந்தக் காலத்தில் தோட்டம் முழுக்கப் பிரசித்தம்.

நான் வாத்தியாராகப் படித்தவள் அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணமாகி, மலாயாவில் குளுவாங்கிலிருந்து செம்மண் பாதையில் நெடுந்தூரம் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தவள். என் கணவர் அங்கே கிராணி. ஆபீசும் பேரேடும் தபாலும் அவர் பொறுப்பு. பழைய வாத்தியார் காய்ச்சலில் படுத்து ஊரைப் பார்க்கப் போனதும், எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று துரை கேட்க, இவர் என்னைக் காட்டிவிட்டார். வீட்டில் இருந்து இவரோடு சண்டை பிடிப்பதை விட இது மேல் என்று நானும் போனேன்.

ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பக்கத்துக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். காலையில் பெரிய பிள்ளைகள் தாய்மாரோடு பால்வெட்டுக்குப் போய், மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் கையெல்லாம் ரப்பர் வாசத்தோடு வருவார்கள். நான் "வடிவா வாசி" என்றால் கெக்கெக்கென்று சிரிப்பார்கள். என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. நான் தலையைத் திருப்பினால் போதும், யாராவது ஒருவன் என்னைப் போலவே "ஓம், ஓம்" என்று சொல்லிக் காட்டுவான்.

புத்தகத்தை ஓங்கி வைத்த அன்று சாயந்தரம், வகுப்புக் கலைந்த பிறகும் ஒரு பெண் பிள்ளை போகவில்லை. பத்து வயது இருக்கும். பால்வெட்டுக்காரி ஒருத்தியின் மூத்த மகள். சிலேட்டைத் துடைப்பது போல நின்றுகொண்டு, மெல்லக் கேட்டாள்.

"வாத்தியாரம்மா, ஐயாவோட சண்டையா?"

"ஆர் சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லலீங்க. நெதமும் ஐயா சைக்கிள்ல போறப்ப, வளைவு தாண்டுற வரைக்கும் நீங்க கதவுகிட்ட நிப்பீங்க. இன்னிக்கு கதவு சாத்தியிருந்துச்சு. ஐயா கொடைய மறந்துட்டுப் போயிட்டாரு. நீங்க ரெண்டு சாக்கட்டிய ஒடச்சுட்டீங்க."

அடி கொடுக்கலாமா, கட்டிப் பிடிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனையும் உண்மை. அதைவிட, அவள் சொன்ன விதம். கதவு, குடை, சாக்கட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டுத்தான் முடிவுக்கு வந்தாள். சற்று முன்பு கோலமில்லாத வாசலைப் பார்த்து ஊமையாக நின்ற அதே பிள்ளைதான் இவள்.

அன்று முதல் எனக்கு ஒரே யோசனை. இந்தப் பிள்ளைகள் தோட்டம் முழுவதையும் வாசிக்கிறார்கள். மரத்தில் வெட்டு விழுந்திருக்கும் ஆழத்தைப் பார்த்து, வெட்டியது யார் என்று சொல்வார்கள். துரையின் நாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்து, இன்று எந்தக் கங்காணிக்கு ஏச்சு விழும் என்று சொல்வார்கள். புத்தகத்தைத் திறந்ததும் இந்தப் புத்தி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது.

அச்சுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அது இந்தியாவில் அச்சானது. பனைமரமும் ஏரியும் நெல்வயலும் இவர்களுக்குக் கதையில்தான். கரும்பலகையில் நானே நாலு வரி எழுதினேன்.

அடுப்புச் சாம்பல் குளிர்ந்திருந்தது. கொடியில் துணி இல்லை. கோழிக்கூடு காலியாகக் கிடந்தது. நாய் மட்டும் வாசலில் படுத்திருந்தது.

"இந்த வீட்டு ஆக்கள் எங்கை போட்டினம்?" என்று கேட்டேன். திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள் என்பது நான் மனதில் வைத்திருந்த விடை.

பிள்ளைகள் பலகையை இன்னொரு முறை முணுமுணுத்து வாசித்தார்கள். பிறகு அந்தச் சிலேட்டுப் பெண் எழுந்தாள். "தோட்டத்த விட்டு ஓடிட்டாங்க வாத்தியாரம்மா."

"ஏன், திருவிழாவுக்குப் போயிருக்கக் கூடாதோ?"

"அலமாக்!" என்று மலாய்க்காரர் போல வியந்தாள். "திருவிழாவுக்குப் போறவங்க கோழியுமா கொண்டு போவாங்க? ஓடுறவங்கதான் கோழிய எடுத்துக்குவாங்க. நாய் கூட வந்தா கொரைச்சுக் காட்டிக் குடுத்துரும்னு விட்டுட்டுப் போயிருக்காங்க."

வகுப்பே ஆமோதித்தது. எழுதியவள் நான். நான் எழுதிய வீட்டில் எனக்கே தெரியாமல் ஒரு குடும்பம் ஓடிப் போயிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னபோது, "உமக்கு அதுகள் பாடம் எடுக்குதுகள்" என்றார்.

கதவு திறந்துகொண்டால் எல்லாம் உள்ளே வரத்தானே செய்யும். அடுத்த வாரமே ஆளாளுக்குக் கதை அளக்கத் தொடங்கினார்கள். "தொர வந்து அடிச்சாரு, அதான் ஓடிட்டாங்க" என்றான் ஒருவன். பேய் வந்தது என்றான் இன்னொருவன். அதனால் ஒரு சட்டம் போட்டேன். நீ என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் உனக்கு அதைச் சொன்ன சொல் எது? அந்தச் சொல்லின் மேல் விரலை வை. விரல் வைக்கச் சொல் இல்லையென்றால் பேசாமல் உட்கார்.

இது பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. லயத்திலும் இதே விளையாட்டாகிப் போனது. கங்காணி ஒருவர் யாரையோ திட்டியபோது, ஒரு வாண்டு "வெரல் வைங்க பாப்போம்" என்று கேட்டு அறை வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இனி அந்தப் பெண்ணின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா அப்போது தோட்டத்தில் இல்லை. தன் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் லயத்தில் விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போயிருந்தார். இருந்தவரை, பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதவர் அவர்தான். அவர் கப்பல் ஏறிய மறுநாள் தாய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

கப்பலை விட்டு இறங்கியதும் அவர் போட்ட கடிதம் ஒன்று வந்தது. துறைமுகத்தில் யாரிடமோ சொல்லி எழுதியது. நான்தான் வாசித்தேன். கடைசியில் "வாயாடியைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று இருந்தது. "வாயாடி ஆர்?" என்று கேட்டேன். தாய் சிரித்துக்கொண்டே மகளைக் காட்டினாள். மகள் வெட்கப்பட்டு அவள் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

அதற்குப் பிறகுதான் ரப்பர் விலை விழுந்தது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். ஆபீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இந்தியாவுக்குத் திரும்ப விரும்புகிறவர்களைக் காசு வாங்காமல் கப்பல் ஏற்றி அனுப்புவார்கள்; சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். போனால் மறுபடி வர முடியுமா என்று யாருக்கும் தெரியாது. இருந்தால் நாளைக்கு வேலை இருக்குமா என்றும் தெரியாது. லயத்தில் எங்கு பார்த்தாலும் இதே பேச்சுத்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை தபால் பையில் அவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். எனக்கு அன்று வேலை தலைக்கு மேல். அடுப்பில் புட்டு. பின்கட்டில் நனைந்த துணி. நின்றபடியே வாசித்தேன். இங்கு யாவரும் க்ஷேமம். ஊரில் நல்ல மழை. நீயும் பிள்ளைகளும் உடனே புறப்பட்டு வரவும். அதற்கு மேல் வழக்கமான சுகம் விசாரிப்புகள். யார் எங்கே இருக்கிறார்கள், யார் கேட்டார்கள் என்று அரைப் பக்கம்.

"மிச்சமெல்லாம் சுகச் செய்திதான். உங்களை வரட்டாம்" என்று மடித்துக் கொடுத்தேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வரச் சொல்லிட்டாராம்மா? அப்ப போயிர்றேம்மா" என்றாள். நேரே ஆபீசுக்குப் போய் என் கணவரிடம் நாலு பேர் பெயரும் கொடுத்து, கைநாட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பு முடியும் நேரம். அந்தப் பெண் பாவாடை மடிப்புக்குள்ளிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து என் மேசையில் விரித்தாள்.

"வாத்தியாரம்மா, இதுல வெரல் வைக்கட்டா?"

அவள் கையெழுத்தையும் வாசிக்கத் தொடங்கிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வை என்றேன். அவள் விரல் நான் வாசிக்காமல் விட்ட அரைப் பக்கத்துக்குப் போய், ஒரு வரியின் அடியில் நின்றது. "அம்மா தங்கச்சி வீட்டில் சுகமாக இருக்கிறார்கள்."

"ஓம், அதுக்கென்ன?"

"அப்பாயி எதுக்கு அத்தை வீட்டுல இருக்கு?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். மகளுக்குக் கல்யாணம் முடிந்தால் தாயும் தகப்பனும் அவளோடுதான் இருப்பார்கள். என் அம்மா அப்போது என் தங்கை வீட்டில்தான் இருந்தார். தாய் மகள் வீட்டில் இருக்காமல் வேறு எங்கே இருப்பாள்?

கலைந்து போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்குப் பாடம் நடந்தது. மகன் இருக்கும்போது ஒரு தாய் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் போய்த் தங்க மாட்டாள். ஒரு வேளை சாப்பாட்டுக்கு மேல் அங்கே கை நனைப்பதே கௌரவக் குறைச்சல். போக்கிடம் இல்லாமல் போனால்தான் அப்படிப் போய் இருப்பார்கள்.

நானும் விடவில்லை. "மகளுக்குப் பிள்ளைப்பேறாய் இருந்தால்?" என்றேன். பேறுகாலத்துக்குப் பெண்தான் தாய் வீட்டுக்கு வரும் என்றான் ஒருவன். "ஏதும் விசேஷமாய் இருந்தால்?" விசேஷமென்றால் அதைத்தானே முதலில் எழுதியிருப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. "வருத்தத்துக்கு மருந்து செய்யப் போயிருந்தால்?" சீக்காளிக்கு மகன் வீட்டில்தான் பாய் விரிப்பார்கள் என்றார்கள். ஒவ்வொரு கதவாக நான் திறக்கத் திறக்க, அவர்கள் சாத்திக்கொண்டே வந்தார்கள்.

அந்தப் பெண் இன்னொரு விரலையும் வைத்தாள். "ஊரில் நல்ல மழை" என்ற இடத்தில். இரண்டு விரலும் அப்படியே இருக்க, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வீடு மண்ணு வீடு, வாத்தியாரம்மா. வீடு விழுந்துருச்சு. நாங்க போனா இருக்க எடம் இல்ல."

ஒரு வரி. அதை நான் வாய் திறந்து வாசித்திருந்தால் அவள் தாய் அங்கேயே புரிந்துகொண்டிருப்பாள். எனக்கு அது ஒன்றுமில்லை என்று தோன்றியதால், அவளுக்கும் ஒன்றுமில்லை என்று நானே தீர்மானித்துவிட்டேன். சொல்லின் மேல் விரல் வை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள்!

அப்படியே அவளோடு லயத்துக்குப் போனேன். தாய் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "உங்கடை கடிதத்தை நான் முழுக்க வாசிக்கேல்லை. இப்ப வாசிக்கிறன், கேளுங்கோ" என்றேன். முதல் எழுத்திலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் வாசித்தேன். அந்த வரி வந்ததும் அவள் கை முறத்தில் நின்றது.

"அவரு இருக்கையிலயா மாமியா அங்க போயி ஒக்காந்திருக்கு?" என்றாள். பிறகு மிகச் சாதாரணமாக, "அப்ப வீடு போயிருச்சு" என்றாள். வகுப்பு முழுக்கக் கூடி அரை மணி நேரம் வாதாடிக் கண்டதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

அன்று இவரிடம் சொன்னபோது கோபப்பட்டார். "உமக்கு ஏன் இந்த வேலை? புருஷன் வா எண்டு எழுதியிருக்கிறான். பத்து வயசுப் பிள்ளையின்ர கதையைக் கேட்டு ஒரு குடும்பத்தை மறிக்கிறதோ? நாளைக்கு வேலை இல்லாமல் போனால் நீரோ சோறு போடுவீர்?" நியாயமான கேள்விதான். பிள்ளைகள் தப்பாகக் கண்டிருந்தால்? ஓடிப்போன வீடு கரும்பலகையில் இருந்தது. இது நிஜக் குடும்பம்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன்னால் தாய் ஆபீசுக்கு வந்து, நாலு பெயரையும் அடித்துவிடச் சொன்னாள். இவர் கோடு போட்டு அடித்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. பால்வெட்டு வேலை போய்ப் புல் வெட்டும் வேலை, அதுவும் பாதி நாள். மரவள்ளிக் கிழங்கைத் தின்றே ஒரு மழைக்காலத்தைக் கழித்தார்கள். அவர்களைப் பார்க்கும் போதெல்லாம் இவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வரும். ஊரிலிருந்து இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன. அதே கையெழுத்து, அதே க்ஷேமம், அதே உடனே புறப்படவும். இந்த முறை ஒரு புள்ளி விடாமல் வாசித்தேன். வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எதையோ தேடுவது போல இருக்கும். பார்த்து முடித்ததும் ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். வாயாடி என்று பெயர் எடுத்தவள் அந்த நாட்களில் வாய் குறைந்து போனாள். சாப்பாட்டுக் குறைவு என்று நினைத்தேன்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு ரப்பர் கொஞ்சம் நிமிர்ந்து, கப்பல்கள் மறுபடி ஆட்களை ஏற்றத் தொடங்கியபோது, அவள் அப்பா வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மெலிந்து கறுத்துப் போயிருந்தார்.

"வீடு மழையில விழுந்துருச்சும்மா. தங்கச்சி வீட்டுலதான் கெடந்தோம். லெட்டர் எழுதுனதெல்லாம் தங்கச்சி மாப்பிள்ளைதான். அவருக்கு வயலுக்கு ஆளு வேணும், அதான் வா வான்னு எழுதுனாரு. அவரு சோத்தத் தின்னுகிட்டு அவரு கையால வராதன்னு எப்படி எழுதச் சொல்றது? அதான் அம்மா எங்க இருக்குன்னு ஒரு வரி போடச் சொன்னேன். அவ கேட்டா புரிஞ்சுக்குவான்னு தெரியும்." பிறகு கேட்டார். "அந்த வரிய நீங்க படிச்சப்ப அவ மொகம் எப்படி இருந்துச்சும்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"நான் அதை வாசிக்கேல்லை. தேவையில்லாத வரி எண்டு விட்டிட்டன். உங்கடை மகள்தான் கண்டுபிடிச்சவள்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதவர் அவர். "நீயா படிச்ச?" என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுல வாயாடின்னு இல்லப்பா. மூணு லெட்டர்லயும் இல்ல. அதனால நீங்க சொல்லி எழுதலன்னு நெனச்சேன். நீங்க... நீங்க இல்லன்னு நெனச்சேன்."

"சொன்னேன்டி. ஒவ்வொரு வாட்டியும் சொன்னேன். அதெல்லாம் எதுக்குன்னு அவரு எழுதல" என்றார் அவர்.

தகப்பன் செத்துப் போய்விட்டார் என்ற எண்ணத்தை அந்தப் பிள்ளை ஒன்றரை வருஷம் தன்னந்தனியாகச் சுமந்திருக்கிறாள். என் வகுப்பில், என் கண் முன்னால் உட்கார்ந்துகொண்டு. எனக்குக் கோபம் போல ஒன்று வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

"ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "வெரல் வைக்க அதுல சொல்லு இல்லியே, வாத்தியாரம்மா. நீங்கதான பேசாம ஒக்காரச் சொன்னீங்க?"

அவள் ஒரு கை அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. அவர் வந்ததிலிருந்து அதை விடவேயில்லை என்று பிறகு தாய் சொன்னாள்.